தனக்காவா, விட்டமின் சீரமா? நாற்பதைத் தாண்டிய தோலுக்கு எது உதவும்

ரங்கூன் மல்லிகா:

வணக்கம். எனக்கு வயது 43. கண்ணோரத்தில் கோடு விழத் தொடங்கிவிட்டது. இரண்டு கன்னத்திலும் மங்கு என்ற கருந்திட்டு லேசாகப் படர்ந்திருக்கிறது. குழந்தையிலிருந்தே தனக்கா, அதாவது இங்கே பர்மாவில் மரப்பட்டையை அரைத்து முகத்தில் போடும் பூச்சு, பூசி வளர்ந்தவள் நான். அம்மாவுக்கு எழுபது தாண்டியும் முகம் தெளிவாக இருக்கிறது. கேட்டால், "தனக்காவைத் தவிர எதையும் முகத்தில் வைத்ததில்லை" என்கிறார்.

சிங்கப்பூரிலிருந்து வந்த நாத்தனார் மூன்று குப்பி கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றில் விட்டமின் சி 15%, ஒன்றில் ரெட்டினால் 0.3%, மூன்றாவதில் "முழுக்கத் தாவரம், பாக்குச்சியால்" என்று போட்டிருக்கிறது. தெய்ங்ஜி சந்தையில் மூலிகை விற்கும் அம்மாவோ, "ரசாயனம் எதற்கு? கார்போகரிசியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் போடு, எல்லாம் சரியாகும்" என்கிறார்.

மூன்றையும் போடலாமா? தனக்காவை விட்டுவிட வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெகு செல்வி:

எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். நானும் பதிலுக்குக் காத்திருக்கிறேன். தனக்காவை மட்டும் விட்டுவிடாதீர்கள் அக்கா.

மருந்துக்கடைத் தம்பி:

மல்லிகா அக்கா, நான் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். இதே கேள்வியோடு கடைக்கு வருகிறவர்கள் நிறைய. குப்பிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் வெயிலைப் பற்றிப் பேசியாக வேண்டும். மூன்று குப்பியையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு வெயிலில் அப்படியே நடந்தால் பணம்தான் வீண்.

முகத்தில் விழும் சுருக்கம், மங்கு, தோல் தளர்வு இவற்றில் பெரும்பங்கு வயதால் வருவதில்லை, புற ஊதாக் கதிரால் வருகிறது. நம் ஊரில் மார்ச் முதல் மே வரை உச்சிவேளையில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் அதுதான் மிகக் கடுமையான நிலை. மேகம் மூடிய மழைக்காலத்திலும் கதிர் முழுவதும் நின்றுவிடாது. அதில் யூவிஏ என்ற வகை கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தாலும் படும்.

இதற்கு நல்ல சான்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. குயின்ஸ்லாந்தின் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு சாராரைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்களை அவரவர் விருப்பப்படி விட்டார்கள். நாலரை வருடம் கழித்துப் பார்த்தபோது, தினமும் பூசியவர்களின் தோலில் முதுமைக் குறி 24% குறைவாகக் கூடியிருந்தது. 2013-இல் வெளியான முடிவு இது. ஒரு பூச்சு முதுமையைத் தள்ளிப்போடுகிறது என்பதை இத்தனை பேரிடம், இத்தனை காலம் பார்த்து உறுதிசெய்த ஆய்வுகள் அரிது.

அதனால் நாத்தனார் தராத நாலாவது குப்பிதான் முக்கியம்: எஸ்பிஎஃப் என்ற வெயில் தடுப்பு எண் 30-க்கு மேல், யூவிஏ தடுப்பும் உள்ள சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, சுட்டுவிரல் நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் அளவு சரி. பொட்டுப்போலத் தொட்டு வைத்தால் குப்பியில் எழுதிய எண் உங்களுக்குக் கிடைக்காது.

இன்னொன்று, நம்மைப்போன்ற மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளிகூட மங்கைக் கூட்டும். இரும்பு ஆக்சைடு கலந்து, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் அதைத் தடுக்கும். முகம் வெளுத்துச் சாம்பல் பூசியது போலவும் தெரியாது.

மோல்மேன் வீட்டுப் பேத்தி:

தம்பி சொல்வது சரிதான். ஆனால் தனக்கா என்ன பாவம் செய்தது? எங்கள் பாட்டி காலத்திலிருந்து வயலில் நாற்று நடப் போகிற பெண்கள் முகம் முழுக்கத் தடிமனாகப் பூசிக்கொண்டுதான் போவார்கள். வெயிலைத் தடுக்காமலா இத்தனை தலைமுறை பூசியது? பெரியவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை.

நல்ல தனக்கா எது என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அது கவலையாக இருக்கிறது. சுவேபோ, சின்மதாவுங் பக்கத்து வறண்ட மண்ணில் மெதுவாக வளர்ந்த பழைய மரத்தின் பட்டைதான் மணக்கும். கட்டையை வாங்கி, கல்லில் சொட்டுத் தண்ணீர் விட்டு, வட்டமாக அரைத்து, அப்போதே பூச வேண்டும். டப்பாவில் வரும் பொடியிலும் பசையிலும் வாசனையும் சாயமும் எவ்வளவு, தனக்கா எவ்வளவு என்று யார் பார்த்தார்கள்?

மாந்தலே வாத்தியார்:

பேத்தி சொன்னதில் பாதி மிகச் சரி. நான் வேதியியல் நடத்துகிறவன், ஆதலால் மீதிப் பாதியைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன்.

தனக்கா மரம் எலுமிச்சை, வில்வம் எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் மகாவில்வம் என்று கோயில்களில் வளர்க்கிறார்களே, அதே மரம். பட்டையில் மார்மெசின் என்ற சேர்மம் இருக்கிறது, அது புற ஊதாக் கதிரை உறிஞ்சும். பட்டைச் சாற்றுக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணம் உண்டு என்பதும், உயிரணுக்களுக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை என்பதும் பாங்காக்கில் செய்து 2010-இல் வெளியிட்ட சோதனையில் தெரிந்தன. எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சும், காயும்போது குளிர்ச்சி தரும். இவ்வளவும் தனக்காவின் சொந்தச் சொத்து. யாரும் மறுக்க முடியாது.

ஆனால் கதிரை உறிஞ்சும் பொருள் ஒன்று பட்டையில் இருப்பதும், நீங்கள் பூசிய பூச்சு முகத்தைக் காப்பதும் ஒன்றாகிவிடாது. சன்ஸ்கிரீனைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று ஒரே சீராகப் பரப்பி அளப்பார்கள். தனக்கா காய்ந்ததும் வெடிக்கும், வியர்த்தால் கோடு கோடாக வழியும். நகரத்துப் பிள்ளைகள் இலை வடிவத்தில் கன்னத்தில் மட்டும் வரைந்துகொள்கிறார்கள். சுருக்கம் முதலில் வருவதோ கண்ணோரத்திலும் நெற்றியிலும் கழுத்திலும். அங்கே பூச்சே இல்லை.

நாற்று நடும் பெண்களையும் யோசித்துப் பாருங்கள். தடிமனான பூச்சோடு பெரிய மூங்கில் தொப்பியும் நீளக்கைச் சட்டையும் அல்லவா அவர்களைக் காத்தது? அந்தத் தொப்பியை நாம் மறந்துவிட்டோம். மல்லிகாவின் அம்மாவும் பகல் முழுக்க வீட்டுக்குள் இருந்தவராக இருக்கலாம். தோல் அமைப்பு பரம்பரையாகவும் வரும். பெருமை முழுவதையும் தனக்காவுக்கே கொடுக்க முடியாது.

ரங்கூன் மல்லிகா:

வாத்தியார் ஐயா, சரியாகச் சொன்னீர்கள். அம்மா வீட்டோடு இருந்தவர்தான், கோயிலுக்கும் சந்தைக்கும் போனால் குடை இல்லாமல் போகமாட்டார். நான் பகலில் பாதி நேரம் வெளியே அலைகிறவள்.

சரி, சன்ஸ்கிரீன் வாங்குகிறேன். மற்ற குப்பிகள்? கார்போகரிசி?

சித்த வைத்தியர் வீட்டு மருமகள்:

கார்போகரிசி பற்றி நான் சொல்கிறேன், இதைக் கவனமாகப் படியுங்கள் அக்கா.

உங்கள் மூன்றாவது குப்பியில் இருக்கும் பாக்குச்சியால் என்ற பொருள் கார்போகரிசி விதையிலிருந்துதான் வருகிறது. 2019-இல் 44 பேரிடம் 12 வாரம் செய்த ஆய்வில், ஒரு குழுவுக்கு 0.5% பாக்குச்சியால் இரண்டு வேளையும், இன்னொரு குழுவுக்கு 0.5% ரெட்டினால் ஒரு வேளையும் கொடுத்தார்கள். சுருக்கமும் கருமையும் இரண்டு குழுவிலும் குறைந்தன, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ரெட்டினால் குழுவில் தோல் உரிதலும் எரிச்சலும் கூடுதல். சின்ன ஆய்வுதான், என்றாலும் நம்பிக்கை தருகிறது.

"அப்படியானால் கடையில் கார்போகரிசி வாங்கி அரைத்தால் அதேதானே" என்று கேட்பீர்கள். அதே இல்லை. அந்த விதையில் சோராலென் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. அது தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் தோல் கன்றிப்போகும், கொப்புளம்கூட வரும், ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவத்தில் கார்போகரிசியைக் கொடுப்பதே இந்தக் குணத்துக்காகத்தான், நிறத்தை வரவைப்பதற்கு. மங்கு போக வேண்டும் என்கிறவர் நிறத்தைக் கூட்டும் மருந்தைப் பூசலாமா? வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்து வேறு, சந்தையில் கைப்பிடி அள்ளி வாங்கி அரைப்பது வேறு. சீரம் செய்கிறவர்கள் பாக்குச்சியாலைப் பிரித்தெடுத்துச் சோராலெனை நீக்குகிறார்கள். குளியல் பொடியில் கார்போகரிசி சேர்க்கிறவர்களும் முகத்துக்கு மட்டும் தனியாகப் பொடி வைத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அமிலத்தால் தோல் புண்ணாவது ஒரு பக்கம், வெயிலோடு சேர்ந்து கறுப்பது இன்னொரு பக்கம்.

கஸ்தூரி மஞ்சள் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, வீக்கம் தணிக்கும். ஆனால் சுருக்கத்தை அது எடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். வாங்கினால் கிழங்காக வாங்கி இழைத்துக்கொள்ளுங்கள், பொடியில் கலப்படம் அதிகம்.

பெகு செல்வி:

அம்மாடி, எங்கள் வீட்டுக் குளியல் பொடியில் கார்போகரிசி இருக்கிறது. இன்றே மாற்றுகிறேன். நன்றி அக்கா.

மருந்துக்கடைத் தம்பி:

மருமகள் அக்கா சொன்னதைக் கடைச் சுவரில் எழுதி ஒட்டலாம். இப்போது விட்டமின்கள்.

சுருக்கத்துக்கு மிக அதிகம் சோதிக்கப்பட்டது விட்டமின் ஏ வகைதான். அதன் வலுவான வடிவம் டிரெட்டினாயின், மருத்துவர் எழுதிக்கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவில் முதலில் முகப்பருவுக்கு வந்தது, 1995-இல் சுருக்கத்துக்கும் அனுமதி கிடைத்தது. உங்கள் குப்பியில் உள்ள ரெட்டினால் தோலுக்குள் போய் இரண்டு படி மாறித்தான் அந்த வடிவத்துக்கு வரும். அதனால் வேகம் குறைவு, எரிச்சலும் குறைவு. 0.3% என்பது போதுமான அளவு. ஐரோப்பிய ஒன்றியம் முகப்பூச்சுக்கு 2024-இல் வைத்த உச்ச வரம்பே அதுதான்.

இரவில் மட்டும், காய்ந்த முகத்தில், ஒரு பயறளவு. முதலில் வாரம் இரண்டு இரவு, தோல் பழகியபின் கூட்டலாம். நம் நிறத்துக்கு அவசரம் கூடாது, எரிந்து சிவந்தால் அந்த இடமே கறுத்துவிடும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயல்பவர்களும் ரெட்டினால் வகை எதையும் தொடவே கூடாது. இதைக் கடையில் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன், இங்கும் சொல்கிறேன்.

கேரட்டும் பப்பாளியும் அரைத்துப் பூசினால் விட்டமின் ஏ கிடைக்கும் என்பார்கள். அவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். சாப்பிடுங்கள், உடம்பு அதை விட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். முகத்தில் அப்பினால் ரெட்டினால் செய்யும் வேலையை அது செய்யாது.

விட்டமின் ஈ கேப்சூலை உடைத்துத் தழும்பில் தடவும் பழக்கத்தையும் விடுங்கள். 1999-இல் வந்த ஒரு ஆய்வில் தழும்புக்கு அதனால் பலன் தெரியவில்லை, பூசியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமைதான் வந்தது.

ரங்கூன் மல்லிகா:

தம்பி, அந்த விட்டமின் சி குப்பி கொடுக்கும்போது தண்ணீர் போல இருந்தது. இப்போது மஞ்சளாகிவிட்டது. எங்கள் பகுதியில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. ஃபிரிட்ஜில் வைத்தும் பயனில்லை.

மாந்தலே வாத்தியார்:

அது அஸ்கார்பிக் அமிலம், அதாவது விட்டமின் சி, காற்றோடும் வெப்பத்தோடும் ஒளியோடும் சேர்ந்து கெடுவது. இளமஞ்சளாக இருந்தால் கொஞ்சம் வலு போயிருக்கிறது, பழுப்பானால் எறிந்துவிடுங்கள்.

விட்டமின் சி-யின் தூய வடிவம் தோலுக்குள் இறங்க வேண்டுமென்றால் பிஎச் என்ற அமில அளவு 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும், 10 முதல் 20% வரை இருக்க வேண்டும். அந்த நிலையில் அது நிலைத்து நிற்பதும் கஷ்டம். 2005-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு வழி கண்டார்கள். 15% சி, 1% விட்டமின் ஈ, இவற்றோடு 0.5% ஃபெருலிக் அமிலம் சேர்த்தபோது கலவை நிலைத்தது. பன்றித் தோலில் சோதித்தார்கள், கதிரிலிருந்து கிடைத்த காப்பு நான்கு மடங்கிலிருந்து எட்டு மடங்கானது. அந்த ஃபெருலிக் அமிலம் அரிசித் தவிட்டில் நிறைய இருப்பது. அரிசி விளையும் நாட்டில் இருக்கும் நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. அதற்காகத் தவிட்டை அப்படியே முகத்தில் தேய்த்தால் அந்தப் பலன் வராது, பிரித்தெடுத்து, சரியான பிஎச்சில் கரைத்திருக்க வேண்டும்.

மாந்தலேயின் ஏப்ரல் வெயிலில், கரண்ட் இல்லாத வீட்டில், தூய விட்டமின் சி வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதன் பதிலியாக வரும் நிலையான வடிவங்கள் வலு குறைந்தவை, ஆனால் எளிதில் கெடுவதில்லை. அதையும்விட நியாசினமைட் நல்லது. அது விட்டமின் பி3. வெப்பத்தைத் தாங்கும், விலையும் குறைவு. 5% நியாசினமைடை 12 வாரம் பூசியவர்களுக்கு மெல்லிய கோடுகளும் கரும்புள்ளிகளும் குறைந்ததாக 2005-இல் வந்த ஆய்வு சொன்னது. எரிச்சலும் அவ்வளவாக இல்லை. மங்கு உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மோல்மேன் வீட்டுப் பேத்தி:

எல்லாம் படித்தேன். ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். எது சொன்னாலும் "பிரித்தெடுத்தால்தான் பலன்" என்றால், நம் இலை தழைக்கு மதிப்பே இல்லையா? பாட்டி கொடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, குப்பியில் வருவதை மட்டும் நம்பச் சொல்கிறீர்கள்.

சித்த வைத்தியர் வீட்டு மருமகள்:

பேத்தி, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, எனக்கும் அது உண்டு. நான் பிறந்தது முதல் மூலிகை வாசனைக்குள்தான் இருக்கிறேன். ஆனால் தாவரத்துக்கு மதிப்பு கொடுப்பது என்றால் அதன் வலுவையும் அறிந்திருக்க வேண்டும். வலு உள்ள இலைக்குத் தீங்கு செய்யும் வலுவும் உண்டு. பழைய வைத்தியர்கள் சுத்தி, அதாவது நச்சு நீக்கல், செய்யாமல் எதையும் கொடுத்ததில்லையே, பிரித்தெடுப்பதும் அந்தக் கவனத்தைச் சேர்ந்ததுதான்.

வல்லாரையைப் பாருங்கள். இங்கே பர்மியர் வீட்டிலும் நம் வீட்டிலும் அதைப் பச்சையாகப் பிசைந்து சாப்பிடுகிறோம். அதிலுள்ள மடகாசோசைடு என்ற பொருள் புண் ஆற்றும். 2008-இல் பிரான்சிலிருந்து வந்த ஒரு ஆய்வில், வெயிலில் தளர்ந்த தோல் உள்ள 20 பெண்களுக்கு 5% விட்டமின் சி-யோடு 0.1% மடகாசோசைடு சேர்த்து ஆறு மாதம் கொடுத்தார்கள், பெரும்பாலோருக்குச் சுருக்கமும் தளர்வும் குறைந்தன. கொரியாக்காரர்கள் இன்று உலகம் முழுக்க விற்கிறார்களே, அந்தக் களிம்புகளின் உயிர் இந்த இலைதான். நம் வரப்போரத்துச் செடி.

ரெட்டினால் போட்டு எரிச்சல் வந்தால் வல்லாரைச் சாறு கலந்த பூச்சு அதன்மேல் நல்ல துணை. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் போடுகிறோம்.

தட்டோன் சகோதரி:

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

என் சித்தி மகள் சந்தையில் ஒரு கடையில் "மூலிகைப் பால் கிரீம்" என்று வாங்கினாள். டப்பாவில் பெயரும் இல்லை, பொருள் பட்டியலும் இல்லை. இரண்டு வாரத்தில் முகம் கண்ணாடி போல ஆனது, எல்லோரும் கேட்டார்கள். நிறுத்தியதும் முகம் முழுக்கச் சிவந்து பொங்கிவிட்டது. தோல் மெலிந்து உள்ளே நரம்பு தெரிந்தது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, இது ஸ்டீராய்டு கலந்தது என்றார். குணமாகப் பல மாதம் ஆனது, அவள் வெளியே வரவே அழுதாள்.

தனக்கா நல்லதா, ரெட்டினால் நல்லதா என்று பேசுவதற்கு முன் இந்த டப்பாக்களை வீட்டை விட்டு வெளியேற்றுங்கள் அக்கா.

மருந்துக்கடைத் தம்பி:

சகோதரி, நீங்கள் எழுதியது நல்லது. இரண்டு வாரத்தில் வெளுக்கும் எந்தக் கிரீமையும் நம்பாதீர்கள். ஸ்டீராய்டு, தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன், பாதரசம், இந்த மூன்றில் ஒன்று இருக்கும், சிலவற்றில் மூன்றும் இருக்கும். மருந்துச் சீட்டில்லாத முகக் கிரீமில் இவை இருக்கக் கூடாது என்பது ஆசியான் நாடுகளின் பொது விதி. பாதரசம் நிறமியை நிறுத்தும், கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூசிய அம்மாவின் கன்னத்தில் முகம் புதைக்கும் குழந்தைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா என்ற உலக உடன்படிக்கையின் கீழ், அழகுப் பொருளில் பாதரசத்தை 2025-க்குள் அறவே நீக்குவதென்று நாடுகள் முடிவு செய்தன. சந்தை அதைக் கேட்பதாகத் தெரியவில்லை.

ஒரு அடையாளம் சொல்கிறேன். "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்" என்று எழுதியிருந்தால் பாதரசம் என்று சந்தேகப்படுங்கள். நகையைக் கெடுக்கும் பொருளை முகத்தில் வைக்கலாமா?

ரங்கூன் மல்லிகா:

படிக்கப் படிக்க பயமாகவும் இருக்கிறது, தெளிவாகவும் இருக்கிறது. மஞ்சளான விட்டமின் சி-யை எறிந்துவிட்டேன். கார்போகரிசி வேண்டாம் என்று முடிவு. ரெட்டினாலும் பாக்குச்சியாலும் இரண்டும் ஒரே இரவில் போடலாமா? அப்புறம் முக்கியமான கேள்வி: சன்ஸ்கிரீன் மேல் தனக்கா பூசலாமா? தனக்கா இல்லாமல் சாயங்காலம் எனக்குச் சாயங்காலமாகவே இருக்காது.

மருந்துக்கடைத் தம்பி:

இரண்டும் சேர்த்து வேண்டாம் அக்கா. முதலில் பாக்குச்சியால் குப்பியை முடியுங்கள், மென்மையானது. அது ஒத்துக்கொண்டபின் மழைக்காலத்தில் ரெட்டினாலைத் தொடங்குங்கள். எதையும் முதலில் காதுக்குக் கீழே சில நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

சித்த வைத்தியர் வீட்டு மருமகள்:

தனக்காவுக்கு நான் சொல்கிறேன். பகலில் ஈரத் தனக்காவைச் சன்ஸ்கிரீன் மேல் தேய்த்தால் கீழே இருக்கும் படலம் கலைந்துவிடும். சாயங்காலம் குளித்துவிட்டு, வெயில் இறங்கியபின், கல்லில் புதிதாக அரைத்துப் பூசுங்கள். படுக்கும் முன் வெறும் தண்ணீரில் மெதுவாக நனைத்துக் கழுவுங்கள், காய்ந்ததைச் சுரண்டாதீர்கள், சுரண்டினால் மங்கு கூடும். முகம் நன்றாகக் காய்ந்தபின் பாக்குச்சியால். காலையில் நியாசினமைட், அதன்மேல் சன்ஸ்கிரீன், கையில் குடை.

மோல்மேன் வீட்டுப் பேத்தி:

இது எனக்கும் சரிப்படும். மல்லிகா, நல்ல கட்டை வேண்டுமென்றால் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சுவேபோவிலிருந்து எடுத்து வருகிறார், ரங்கூனுக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.